தர்மத்துக்கு வரும் பேய்கள்

அக்டோபர் வந்துவிட்டால் அமெரிக்கச் சிற்றூர்களில் பேய்களுக்கு வேலை வந்துவிடும். சம்பளம் கிடையாது. பகலில் வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பவர்கள், மாலையில் முகத்தில் வெள்ளை மையும் சட்டையில் போலி ரத்தமும் பூசிக்கொண்டு இருட்டில் பதுங்குகிறார்கள். டிக்கெட் வாங்கி வருபவர் அலற வேண்டும். வசூல் நல்ல காரியத்துக்குப் போகும். 31-ம் தேதி ஹாலோவீன் வரை இந்தக் கூத்துதான்.

1970களில் இதை நாடெங்கும் பரப்பியதில் ஜேசீஸ் இளைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. காலியான வீடு, கறுப்புத் துணி, அட்டையில் செய்த சவப்பெட்டி - முதலீடு அவ்வளவுதான். இருட்டில் கையில் தட்டுப்படும் 'குடல்', ஆறிப்போன நூடுல்ஸ். 'கண்', தோலுரித்த திராட்சை.

நிஜமான பயம் 1984 மே 11 அன்று வந்தது. நியூஜெர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பேய்க் கோட்டையில் தீப்பிடித்து, பதின்வயதினர் 8 பேர் இறந்தார்கள். தீயை அணைக்கும் தானியங்கி நீர்த்தெளிப்பான் அங்கு இல்லை. அது தர்மத்துக்காக நடந்ததல்ல, முழு வியாபாரம். ஆனால் அதன் பிறகு கடுமையான தீத்தடுப்பு விதிகள் தர்மப் பேய்களையும் விடவில்லை. நீர்த்தெளிப்பானுக்கும் புகை உணர் கருவிக்கும் காசில்லாத பல பேய் வீடுகள் மூடப்பட்டன. அந்த இடத்தை லாபப் பேய்கள் பிடித்துக்கொண்டன.

தாக்குப்பிடித்த தர்மப் பேய்கள் இன்றும் உண்டு. அங்கே எத்தனை இருட்டிலும் 'வெளியே செல்லும் வழி' என்ற பலகை மட்டும் பளிச்சென்று எரிகிறது. மிரட்டலுக்கு அது இடைஞ்சல்தான். ஆனால் அலறியவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பாத பேய், தர்மம் செய்து என்ன பயன்?