ஊர்க் கோப்புகளின் ஆயுளை யார் முடிவு செய்கிறார்கள்?

மத்திய அரசு அலுவலகங்களில் 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 முதல் 31 வரை சிறப்புத் தூய்மை இயக்கம் நடக்கிறது. தேங்கிக் கிடக்கும் மனுக்களை முடிப்பது, பழைய கோப்புகளைக் கழிப்பது, உடைந்த மேசை நாற்காலிகளை விற்பது எல்லாம் இதில் அடங்கும். கெடு நெருங்க நெருங்க நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி வட்டாரத்து வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரியான கடிதங்கள் வருகின்றன. எங்கள் ஊர் நகராட்சியின் பழைய கட்டுகளும் இதில் போய்விடுமா? அவற்றை அழிக்க யாருக்கு அதிகாரம்? ஸ்கேன் செய்துவிட்டோம் என்கிறார்களே, அது போதாதா?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. இந்த இயக்கம் மத்திய அரசின் அமைச்சகங்களுக்கும் அவற்றின் கீழுள்ள அலுவலகங்களுக்கும் உரியது. தமிழ்நாட்டு நகராட்சியின் பதிவறை அதன் வரம்பில் இல்லை. ஆனால் அதை நினைத்து ஆறுதல் அடைய முடியாது. நகராட்சிக் கோப்பு அழிவதற்கு அக்டோபர் வர வேண்டியதில்லை. அது அழியும் ஆண்டு, கோப்பு முடிக்கப்பட்ட அன்றே அதன் மேல் எழுதப்பட்டுவிடுகிறது. இந்த நடைமுறையைத்தான் ஊர்மக்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கோப்பு முடியும் நாள்

அலுவலகத்துக்குத் தபாலில் வரும் மனு பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, உரிய பிரிவுக்குப் போய், அங்குள்ள உதவியாளரின் தன்பதிவேட்டில் ஒரு ந.க. எண் பெறுகிறது. அறிக்கை, குறிப்பு, உத்தரவு என்று கோப்பு வளர்கிறது. கடைசி உத்தரவு வெளியே போனதும் கோப்பு முடிக்கப்படுகிறது. அந்த நேரத்தில் உதவியாளர் ஒரு வகைக்குறியை முன்வைக்கிறார், மேலதிகாரி கையெழுத்திடுகிறார். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. கோப்பு பதிவறைக்குப் போய்க் கட்டில் சேர்கிறது. குறித்த ஆண்டு முடிந்ததும் அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இடம்பெறுகிறது.

நிர்வாகக் கண்ணோட்டத்தில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. எல்லாத் தாளையும் எந்த அலுவலகமும் வைத்திருக்க முடியாது. எதை வைப்பது என்று ஐம்பது ஆண்டு கழித்து மலைபோல் குவிந்த காகிதத்தின் முன் நின்று யோசிப்பதைவிட, விஷயம் தெரிந்த ஆள் இருக்கும்போதே முடிவெடுப்பது நல்லது. வகைக்குறி இருப்பதால் பதிவறை எழுத்தர் ஒவ்வொரு கோப்பையும் பிரித்துப் படிக்க வேண்டிய தேவையும் இல்லை.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வகைக்குறி இடுகிறவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோப்பு அலுவலகத்துக்கு இனி எப்போது தேவைப்படும்? தணிக்கை வந்தால், நீதிமன்றம் கேட்டால், அடுத்த மனு வந்தால் எடுத்துக் காட்ட வேண்டும். அந்தத் தேவை தீர்ந்ததும் கோப்பின் ஆயுளும் தீர்ந்தது. இந்த ஊர் எப்படி வாழ்ந்தது என்று பின்னாளில் ஒருவர் தெரிந்துகொள்ள இது வேண்டியிருக்குமா என்ற கேள்வி அந்த மேசையில் எழுவதே இல்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்று உதவியாளரிடம் யாரும் சொல்லவுமில்லை. ஆகவே குற்றம் அவருடையதல்ல.

இதன் விளைவை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு தெருவார் குடிநீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுக்கிறார்கள். பக்கத்துத் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது, எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று எழுதி, முப்பது பேர் கையெழுத்தும் கைநாட்டும் இடுகிறார்கள். பொறியாளர் நேரில் பார்த்து அறிக்கை தருகிறார். இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு மன்றம் தீர்மானம் போடுகிறது. குழாய் வருகிறது, கோப்பு முடிகிறது. தீர்மானப் புத்தகம் நிரந்தரம். செலவுக்கான பதிவுகளுக்குத் தணிக்கை விதி காவல். மனு இருந்த கோப்புக்கு மட்டும் மூ.மு. நான்காவது ஆண்டில் அது இல்லை.

மிஞ்சுவது 'இன்ன தெருவில் குழாய் பதிக்க மன்றம் அனுமதித்தது' என்ற ஒரு வரி. யார் கேட்டார்கள், எத்தனை முறை கேட்டார்கள், எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் போனது, எந்தத் தெரு எவ்வளவு காலம் காத்திருந்தது, அந்தத் தெருவில் எந்தச் சாதியார் வாழ்ந்தார்கள் என்பதெல்லாம் போய்விடுகிறது. உத்தரவு போட்டவரின் குரல் நிரந்தரம். கேட்டவரின் குரலுக்கு மூன்றாண்டு. இதே கணக்கு எல்லாத் துறையிலும் நடக்கும்போது, ஒரு நூற்றாண்டு கழித்து ஊர் வரலாறு எழுத உட்காருபவருக்கு அரசு பேசியது மட்டும் கேட்கும். புயலுக்குப் பின் வரி தள்ளுபடி கேட்டவர்கள், சந்தைக் குத்தகைக்காரரின் அடாவடியைப் புகார் செய்த காய்கறிக்காரர்கள், சுடுகாட்டுக்குப் பாதை கேட்டவர்கள் எல்லாரும் அந்த வரலாற்றில் இருக்க மாட்டார்கள்.

நில ஆவணங்கள் மட்டும் இதில் தப்புகின்றன. நிலத்தில் வரி இருக்கிறது, வழக்கு இருக்கிறது. யாருக்கு எந்த நிலம் என்று இருநூறு ஆண்டு பின்னோக்கித் தேட முடிகிற ஊர்களிலும், அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று நாற்பது ஆண்டு பின்னோக்கித் தேட முடிவதில்லை.

அன்றாடக் கணக்கு வரலாறு ஆகாது என்பவர்கள் தஞ்சை மராட்டியர் கால மோடி எழுத்து ஆவணங்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி அரண்மனையின் அன்றாடச் செலவுக் கணக்கு: யாருக்கு எவ்வளவு சம்பளம், சத்திரத்தில் எவ்வளவு அரிசி, எந்தக் கலைஞருக்கு என்ன சன்மானம். இன்றைய வகைப்படி அவற்றில் பலவற்றுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயுள் கிடைத்திராது. ஆனால் இசை, நாட்டியம், மருத்துவம், அடிமை வாணிகம் குறித்து அக்காலத் தஞ்சையைப் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பங்கு அந்தக் கட்டுகளிலிருந்து வந்தது.

சட்டம் எந்த ஊர் வரை?

பொது ஆவணங்கள் சட்டம் 1993-ல் வந்தது. 1892-க்கு முந்தைய ஆவணம் எதையும், பயன்படுத்தவே முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தாலன்றி, அழிக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். விதிகளின்படி, 25 ஆண்டைக் கடந்த ஆவணத்தை மதிப்பீடு செய்யாமல் அழிக்கக் கூடாது. சட்டத்தை மீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேச நிர்வாகங்கள், அவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் ஆகியவற்றை மட்டுமே கட்டுப்படுத்தும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது; அங்குள்ள யூனியன் பிரதேச அலுவலகங்களுக்குச் சட்டம் பொருந்தும். தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் நாகப்பட்டினம் நகராட்சிக்குப் பொருந்தாது. அது 1866-ல் தொடங்கிய நகராட்சி. வடக்கே தரங்கம்பாடிப் பேரூராட்சிக்கும் பொருந்தாது. ஒரே கடற்கரையில், ஒரே உப்புக்காற்றில் இருக்கும் மூன்று ஊர்களில் ஒன்றின் காகிதத்துக்கு மட்டும் தண்டனைப் பிரிவோடு கூடிய மத்தியச் சட்டத்தின் காவல்.

அந்தக் காவலையும் அப்படியே நம்பிவிட முடியாது. தூய்மை இயக்கம் முடிந்ததும் வரும் அரசு அறிவிப்புகள் எத்தனை கோப்புகள் கழிக்கப்பட்டன, எத்தனை சதுர அடி காலியானது, பழைய பொருள் விற்றதில் எவ்வளவு பணம் வந்தது என்று சாதனையாகச் சொல்கின்றன. கழித்தவற்றில் என்ன இருந்தது, எவற்றை மதிப்பிட்டு எடுத்து வைத்தார்கள் என்பது அந்தச் சாதனைப் பட்டியலில் முன்னுக்கு வருவதில்லை. காலியான இடத்தைக் கொண்டு ஓர் ஆவண நிர்வாகத்தை அளந்தால், நிறைய அழித்தவரே நல்ல அலுவலர் ஆகிவிடுவார்.

இந்தக் கடற்கரையின் பழைய ஆவணங்களில் நன்றாகக் காக்கப்பட்டவை வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கின்றன. 1620-ல் தஞ்சை நாயக்க மன்னர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. தரங்கம்பாடியில் வணிகம் செய்த டேனிஷ் கம்பெனிகளின் ஆவணங்கள் 1997-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. காரைக்காலின் பிரெஞ்சுக் காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படிகள் பிரான்சின் எக்ஸ் நகரில் உள்ள காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை ஆண்ட டச்சுக் கம்பெனியின் ஆவணங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நானூறு ஆண்டுக்கு முந்தைய கடிதம் கிடைக்கிறது. 1990-ல் தெருவிளக்குக் கேட்டு எழுதிய மனு கிடைப்பதில்லை. காலமும் கரையானும் மட்டும் இதற்குக் காரணமல்ல. ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்தார்கள்; மற்றொன்றுக்கு மூன்றாண்டு போதும் என்று யாரோ குறித்தார்கள்.

கட்டைக் கலைக்காதீர்கள்

ஆர்வலர்கள் செய்யும் ஒரு நல்லெண்ணத் தவறையும் சொல்ல வேண்டும். பதிவறைக்குள் நுழைய அனுமதி கிடைத்ததும் காகிதங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குகிறார்கள்: தண்ணீர் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம். பார்க்க ஒழுங்காகத் தெரியும். ஆனால் கோப்பின் பொருள் அது இருந்த இடத்தில் இருக்கிறது. எந்தப் பிரிவில், எந்த ஆண்டில், எந்த எண்ணுக்கு அடுத்து வந்தது என்பதை வைத்துத்தான் தன்பதிவேட்டோடு ஒப்பிட்டு, காணாமல் போனது எது என்று கண்டுபிடிக்க முடியும். அடுக்கைக் கலைத்துவிட்டால் அந்த வழி அடைபடும். கட்டை இருந்தபடியே விட்டு, பொருள்வாரிப் பட்டியலைத் தனி நோட்டில் எழுதுங்கள்.

அதனால் முதலில் காப்பாற்ற வேண்டியவை தன்பதிவேடுகளும் பகிர்மானப் பதிவேடுகளும்தான். கோப்பே அழிந்துபோனாலும், இன்னார் இன்ன நாளில் இன்னதைக் கேட்டார் என்ற ஒரு வரி அவற்றில் இருக்கும்.

மற்ற கேள்விகள்

ஸ்கேன் செய்தபின் மூலத்தை அழிக்கலாமா? கூடாது, படம் எடுக்காமல் விட்ட பின்பக்கக் குறிப்பை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டலாமா? வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தைக் கெடுக்கும்.

லேமினேஷன்? அதுவும் வேண்டாம், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது.

வெள்ளத்தில் நனைந்தால்? பூஞ்சை பிடிக்குமுன், இரண்டு நாளுக்குள், வெயில் படாமல் காற்றோட்டத்தில் உலர்த்துங்கள்.

வீட்டிலுள்ள பழைய பத்திரத்துக்கு மதிப்பு உண்டா? உண்டு, 30 ஆண்டு கடந்த ஆவணம் உரிய பொறுப்பிலிருந்து வந்தால், அது உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். எனவே யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

'கோப்பு கிடைக்கவில்லை' என்று பதில் வந்தால்? தகவல் உரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது, மேல்முறையீடு செய்யுங்கள்.

ஊர் செய்ய வேண்டியது

மாநில உள்ளாட்சிக் கோப்புகளுக்கு பொது ஆவணங்கள் சட்டம் பொருந்தாவிட்டாலும், 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் எல்லா நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் பொருந்தும். ஆவணங்களைப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்பது அதன் 4-வது பிரிவு இடும் கடமை. அதைப் பிடித்துக்கொண்டு ஊர்க்காரர் எவரும் கேட்கலாம்.

அழிக்கும் பட்டியலில் கையெழுத்து விழுமுன் அதை அலுவலகப் பலகையில் ஒரு மாதமாவது ஒட்ட வேண்டும். உள்ளூர் ஆசிரியர், வழக்கறிஞர், வரலாற்று ஆர்வலர் பார்த்து ஆட்சேபம் சொல்ல ஒரு வாய்ப்பு வேண்டும். மனுக்கள் அடங்கிய கோப்புகளில் ஒரு பங்கையாவது ஒவ்வோர் ஆண்டும் நிரந்தர வகைக்கு மாற்ற வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் நகராட்சியின் அல்லது பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் அழித்த கோப்புகளின் பட்டியலையும், இந்த ஆண்டு அழிக்க வைத்திருக்கும் கோப்புகளின் பட்டியலையும் கேளுங்கள். உங்கள் மனுவின் ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் அதற்கும் ஒரு வகைக்குறி விழும்.