அன்னையும் அலைகடலும்

நான் பிறந்த முரசுமோட்டை வயல்கள் சூழ்ந்த ஊர். இரணைமடுக் குளத்து நீரோடுதான் எங்களுக்கு உறவு, கடலோடு அன்று. ஆயினும், 1990ஆம் ஆண்டு அகதியாகத் தமிழகம் சென்ற என் மாமனைக் கண்ணாற் காணவேண்டுமென்பது அன்னையின் தீராத ஆவல். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் அந்த ஆவல் பெருகிற்று. அச்சமும் கூடவே பெருகிற்று.

"கப்பலெண்டால் சத்தியெல்லோ, தம்பி!" என்றார். இளமையில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்றபோது பட்ட பாட்டை அவர் மறந்தாரில்லை.

இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. கடற்போர்களில் வாகை சூடிய நெல்சனையே கடல்நோய் இறுதிவரை விட்டதில்லை. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு "அசைகிறாய்" என்று மூளைக்கு உரைக்கிறது. கப்பலின் உட்சுவரை நோக்கும் கண்களோ "அசைவில்லை" என்கின்றன. இவ்விரு சாட்சிகளும் முரண்படுவதாலேயே குமட்டல் பிறக்கிறது. உழவு இயந்திரம் ஓட்டுபவனுக்கு வராத தலைச்சுற்று பெட்டியில் இருப்பவனுக்கு வருவதைக் கண்டிருப்பீர்கள். அடுத்த குலுக்கலை ஓட்டுபவன் முன்னரே அறிவான்; மற்றவன் அறியான்.

வைத்தியரிடம் சென்றோம். கண்ணழுத்த நோய் உண்டா என்று அவர் முதலில் வினவினார்; அந்நோயுள்ளார்க்குச் சில மாத்திரைகள் ஆகாவாம். பின்னர் சினாரிசீன் எழுதித்தந்து, பயணத்துக்கு இரண்டு மணிநேரம் முன்னரே விழுங்கச் சொன்னார். சத்தி தொடங்கியபின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்குமா? உறக்கம் வரும் என்றும் எச்சரித்தார்.

வெறுவயிறும் தீது, நிறைவயிறும் தீது. ஆகையால் விடியலில் இரண்டு இடியப்பம் மட்டும் உண்ணச் செய்தேன். அன்னை தாமாகவே ஒரு தேசிக்காயையும் எடுத்துக்கொண்டார். அது நோயைத் தடுத்ததோ இல்லையோ, கைக்கு ஒரு பிடிமானமாயிற்று.

ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில், யன்னலோரமாக அமர்ந்தோம். நடுக்கடலில் சோளகக் காற்று வலுத்தது. கைபேசியில் கண்பதித்திருந்த இளைஞன் ஒருவனே முதலில் பையைத் தேடினான். அன்னையின் முகமும் வெளிறியது.

"தூரத்து அடிவானத்தைப் பாருங்கோ, அம்மா" என்றேன். அதுவும் போதாதபோது, தலையைச் சாய்த்துக் கண்மூடச் சொல்லி, நீரை மிடறு மிடறாகக் கொடுத்தேன். மாத்திரையும் தன் வேலையைச் செய்தது, உறங்கிவிட்டார்.

ஏறத்தாழ நான்கு மணிநேரத்தில் நாகபட்டினம் வந்தது. துறைமுக வாயிலில் நரைத்த தலையோடு மாமன் நின்றார். அன்னை இரண்டடி வைத்துத் தள்ளாடினார். உணர்ச்சிப் பெருக்கென எண்ணி அவர் ஓடிவந்து தாங்கினார்.

"ஒண்டுமில்லையடா," என்றார் அன்னை, அவர் தோளைப் பற்றியபடி. "எனக்கு இன்னும் தரை ஆடுது."