காலை எடுத்தால் கார் ஓடும்! ஆட்டோமேட்டிக் ஓட்டும் டிரைவர்களே உஷார்

சென்னை:
கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் தொல்லையும் இல்லை. ஆக்சிலேட்டர், பிரேக் என இரண்டே பெடல். சென்னை டிராபிக்கில் இடது காலுக்கு முழு ஓய்வு. ஆட்டோமேட்டிக் கார்கள் பெருகிவிட்டதால் ஆக்டிங் டிரைவர்களும் அதை ஓட்டிப் பழக வேண்டியதாகிவிட்டது. ஆனால் ஓடும்போது அல்ல, நிற்கும்போதுதான் இந்தக் கார் ஆளைக் கவிழ்க்கிறது.

சாதா காரை நியூட்ரலில் போட்டால் சமதரையில் அப்படியே நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் லிவர் 'டி'யில் இருந்தால், பிரேக்கில் இருந்து காலை எடுத்ததுமே கார் தானாக நகரத் தொடங்கும். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். சிக்னலில் கீழே விழுந்த செல்போனை எடுக்கக் குனிந்தால் போச்சு! கால் தளரும், முன்னால் நிற்கும் பைக்கில் கார் மோதும். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டால் கதை கந்தல்தான்.

சிக்னலில் எப்படி?

சில நொடிகள் நிற்பதென்றால் 'டி'யிலேயே வைத்து பிரேக்கை நன்றாக மிதித்திருந்தால் போதும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் 'என்' போட்டு ஹேண்ட் பிரேக் இழுக்கலாம். 'பி' வேண்டாம். பின்னால் வரும் வண்டி இடித்தால் கியர்பாக்சில் உள்ள பூட்டு உடைய வாய்ப்பு உண்டு.

இரண்டு பெடலுக்கும் வலது கால்தான். கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால் பிரேக்கில் பட்டால், கார் குலுங்கி நின்றுவிடும்.

மேம்பால ஏற்றத்தில் டிராபிக் நின்றால், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி காரை நிறுத்தி வைப்பது பலரின் பழக்கம். இது கியர்பாக்சைச் சூடாக்கும். ஏ.எம்.டி. கார் என்றால் கிளட்ச் தேய்ந்துபோகும். அங்கேயும் பிரேக்தான் சரி.

'பி' என்பது பிரேக் அல்ல

'பி' போட்டால் கியர்பாக்சுக்குள் ஒரு சின்ன இரும்புக் கொக்கி, பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். சரிவில் வெறும் 'பி' மட்டும் போட்டால் மொத்தக் காரின் எடையும் அந்தக் கொக்கி மேல் விழும். மறுபடி லிவரை எடுக்கும்போது 'தடக்' என்று கேட்பது அதனால்தான்.

சரியான முறை இது: பிரேக்கை மிதித்தபடியே 'என்' போட்டு, ஹேண்ட் பிரேக் இழுக்க வேண்டும். காலை மெல்ல எடுத்து கார் நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி பிரேக் மிதித்து 'பி' போட வேண்டும். பிறகு என்ஜினை ஆப் செய்யலாம்.

மாருதியின் ஏ.எம்.டி. கார்களில் 'பி'யே கிடையாது. அங்கே ஹேண்ட் பிரேக் இழுக்க மறந்தால் ஆபத்துதான்.

உயிரையே பறித்த ஜீப்

2016 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'ஸ்டார் டிரெக்' பட நடிகர் ஆன்டன் யெல்சின் (27) பலியானார். வீட்டு முன் சரிவில் அவர் நிறுத்திய ஜீப்பே பின்னால் உருண்டு வந்து அவரை நசுக்கியது. அந்த மாடலில் 'பி' விழுந்ததா இல்லையா என்று தெரியாமலே டிரைவர்கள் இறங்கிவிடுவதாகக் கூறி, அந்த ஆண்டு ஏப்ரலிலேயே கார்களைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்திருந்தது.

கேட் திறக்க, பார்சல் வாங்க என ஒரு நிமிடம் இறங்கினாலும் சரி... ஹேண்ட் பிரேக், 'பி', என்ஜின் ஆப். கதவைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.