குரங்குக்கும் காளானுக்கும் உறவு!

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1910ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்கே விலங்குகளுக்கு ஒரு பகுதி உண்டு. செடி கொடிகளுக்கு வேறொரு பகுதி உண்டு.

"நாட்டுக் குரங்கை எந்தப் பகுதியில் வைக்கலாம்?" என்று கேட்டால், குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும்.

"புற்றுக் காளானை?" என்று கேட்டால், "செடிப் பகுதியில்" என்பார்கள் பலர்.

அது தவறு! காளான் செடி அல்ல, விலங்கும் அல்ல. அது தனி இனம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாகப் பிரித்தபோது, காளான் வகைக்குத் தனி இடம் கொடுத்தார்.

அதைவிட அதிசயம் 1993இல் வெளியாயிற்று. காளான், செடியைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு என்று ஆராய்ச்சி காட்டியது!

என்ன ஒற்றுமை?

செடி, வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கிறது. குரங்குக்கும் காளானுக்கும் அந்த வித்தை தெரியாது. மற்ற உயிர்களை நம்பியே பிழைக்கின்றன.

செடி, மிச்ச உணவை மாவுப்பொருளாகச் சேமிக்கிறது. குரங்கும் காளானும் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேமிக்கின்றன. மனிதனின் ஈரலில் இருப்பதும் அதுதான்.

என்ன வேற்றுமை?

நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவுக்கே உரியது. தலைமயிர் குல்லாய் போல இருக்கும். கிடைத்ததைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு, பிறகு சாவகாசமாக மெல்லும்.

காளானுக்கு வாயே கிடையாது. சாற்றைச் சுரந்து உணவை வெளியிலேயே கரைத்து, பிறகு உறிஞ்சிக்கொள்ளும்.

புற்றுக் காளான், கறையான் வளர்க்கும் பயிர். கறையான்கள் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அந்தச் சக்கையால் புற்றுக்குள் தோட்டம் போடுகின்றன. காளான் அதை மக்க வைத்து, கறையானுக்கு உணவாக்கித் தருகிறது. மழை பெய்ததும் மண்ணைத் துளைத்து வந்து குடை விரிக்கிறது.

குரங்கு பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். காளானோ கோடிக்கணக்கான நுண்வித்துக்களைக் காற்றில் தூவும்.

உஷார்!

"குரங்கு தின்கிறதே, நாமும் தின்னலாம்" என்று எண்ணி, தெரியாத காளானைப் பறிக்கக் கூடாது. சில காளான்களின் விஷம் வேகவைத்தாலும் போகாது. தின்று ஆறு மணி நேரம் கழிந்த பிறகே வாந்தியும் பேதியும் தொடங்கலாம். அது நின்றுவிட்டாலும் ஆபத்து நீங்கிவிடாது, ஈரல் கெட்டுப்போகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உறவே ஆனாலும், ஆளை அறிந்துதான் வீட்டுக்குள் சேர்க்க வேண்டும்!