காரை எப்போதாவதுதான் எடுப்பீங்களா? பேட்டரியைக் கொஞ்சம் கவனிங்க!

'ஊருக்குப் போனாத்தான் கார், மத்தபடி பைக்தான்' என்பவரா நீங்கள்? நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் சாவியைத் திருகினால், 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான் வரும். சும்மா நிற்கும் காரிலும் அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம் எல்லாம் பேட்டரியிலிருந்து கரன்ட்டை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும்.

'அதான் தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறேனே!' என்கிறீர்களா? சிக்கலே அதில்தான். இன்ஜினைக் கிளப்ப பேட்டரி ஒரே மூச்சில் நிறைய கரன்ட் கொடுக்கிறது. ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுவதால், அந்த அஞ்சு நிமிஷத்தில் கொடுத்தது முழுசாகத் திரும்பாமல் போகலாம். வாரம் ஒருமுறை, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

ஒரு மாதம் வெளியூரா? நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும். சில கார்களில் கடிகாரம், ஆடியோ செட்டிங் அழிந்துவிடும் என்பதால் மேனுவலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால், ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் அளந்து பாருங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் ஃபுல் சார்ஜ். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12-க்கும் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. அப்படியே வாரக்கணக்கில் விட்டால், உள்ளே ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது, புது பேட்டரிதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பைபாஸ் வரை ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க!