கிந்தா ஆற்றங்கரைப் பூங்காவும் ஈப்போவின் பழைய வீதிகளும்

ஈப்போவிற்குச் சென்று திரும்புவோர் பேரங்காடிகளைப் பற்றிப் பேசுவரேயன்றி, அந்நகரின் நடுவே ஓடும் கிந்தா ஆற்றைப் பற்றிப் பேசுவது அரிது. நாம் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரையிலுள்ள மக்கள் பூங்காவிற்குச் சென்றிருந்தபோது, ஒரு சிறுமி நீரைச் சுட்டிக்காட்டி, "ஐயா, இந்த ஆறு எங்கிருந்து வருகிறது?" என வினவினாள். "நம் ஊர்ப் பக்கமிருந்துதான்" என்றோம். அவள் நம்பவில்லை. அவளுக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

2183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலைப்பகுதியில் தோன்றும் கிந்தா ஆறு, உலு கிந்தாவிலுள்ள சுல்தான் அஸ்லான் ஷா அணையில் தேங்கி, தஞ்சோங் ரம்புத்தானைக் கடந்த பின்னரே ஈப்போவை அடைகிறது. அங்கிருந்து தெற்கே சென்று பேராக் ஆற்றில் கலக்கிறது.

ஈப்போ அவ்விடத்தில் தோன்றியதற்கும் இந்த ஆறே காரணம். நல்ல சாலையும் இருப்புப்பாதையும் இல்லாத அக்காலத்தில், பேராக் ஆற்றின் வழியே வந்த சரக்குப் படகுகள் கிந்தாவில் அதுவரைதான் ஏறி வர இயன்றது. ஆகவே அரிசியும் துணியும் அங்கே இறங்கின. ஈயம் அங்கே ஏறியது. படகுத்துறையை ஒட்டிக் கடைகள் பெருகின. ஊருக்குப் பெயர் தந்தது ஈப்போ மரம். பால்மரம் வெட்டும் நமக்கு இதில் ஒரு வியப்பு உண்டு: அம்மரமும் பால் வடிக்கும்; ஆனால் அது நஞ்சு. பூர்வகுடியினர் அதனைத் தங்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினர்.

ஆற்றின் மேற்கே இருப்பது பழைய நகரம். 1892-ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீ அதன் பெரும்பகுதியை அழித்தது. பின்னர் நேர்நேரான தெருக்களுடன் மீண்டும் கட்டினர். 1908-இல் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசல், 1909-இல் எழுந்த மணிக்கூண்டு, 1917-இல் நிறைவுற்ற இரயில் நிலையம் ஆகியவை இப்பக்கமே உள்ளன. லகாட் சாலைப் பகுதியில் செட்டியார்கள் பணத்தொழில் நடத்தினர். இன்றும் தீபாவளிக்குத் துணியெடுக்க நம்மவர் நாடுவது அப்பகுதியையே. ஆற்றின் கிழக்குக் கரையில் 1898-இல் எழுந்த பங்லீமா கிந்தா பள்ளிவாசல் நிற்கிறது. அக்கரையில் புதிய நகரத்தை உருவாக்கியவர் யாவ் தெட் சின் என்னும் சீனச் செல்வர். அவர் பெயரில் ஒரு தெரு இன்றும் உண்டு.

1890-களில் புகைவண்டி வந்தது, படகுகள் மறைந்தன. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மணலும் சேறும் ஆற்றை மேடாக்கின. 1926-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை முதியோர் நெடுங்காலம் பேசி வந்தனர். தன்னைப் பெற்ற ஆற்றுக்கே நகரம் முதுகைக் காட்டிற்று எனலாம். நாம் சிறுவராயிருந்தபோது ஆற்றுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடியதைக் கண்டிருக்கிறோம். 1985-இல் ஈய விலை வீழ்ந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இன்று அதே கரையில் நடைபாதையும் நிழல் மரங்களும் உள்ளன. மாலையில் முதியோர் உலவுகின்றனர். குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனர். எனினும் பெருமழை பெய்த மறுநாள் அங்கே நின்று பார்த்தால் நமக்குத் தலைகுனிவே ஏற்படுகிறது. பிளாஸ்டிக் பைகளும் பால்டின்களும் மிதந்து வருகின்றன. நாம் சென்ற நாளும் அத்தகையதே. "இவையும் நம் ஊரிலிருந்தா ஐயா?" என்று அச்சிறுமி மீண்டும் கேட்டாள். அனைத்தும் நம்முடையவை அல்ல; ஆயினும், நம் லயத்துக் கால்வாயும் அந்த ஆற்றில்தான் விழுகிறது என்பதை மறைக்க இயலவில்லை.

அக்கால்வாய் ஆற்றோடு சேருமிடத்தில் கம்பிவலை ஒன்று பொருத்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எண்ணியுள்ளது. வாரம் ஒருமுறை வலையைத் துப்புரவு செய்ய ஆறாம் ஆண்டு மாணவர்கள், பெரியோர் ஒருவர் துணையுடன், முன்வந்துள்ளனர். பழைய கம்பிவலை வைத்திருக்கும் பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.