இளவரசி பவுலீனே (1769–1820)
ஜெர்மன் சிற்றரசான லிப்பே நாட்டின் அரசப் பிரதிநிதி

பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தவர். தந்தையே ஆசானாகி, அரசு அலுவல்களையும் பழக்கினார். 1802இல் கணவர் முதலாம் லியோபோல்ட் இறந்தபோது மூத்த மகனுக்கு ஐந்து வயது. அவன் சார்பில் 18 ஆண்டுகள் நாட்டை ஆண்டார்.

அந்த 1802லேயே, தலைநகர் டெட்மோல்டில், வயல்வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் சிறு பிள்ளைகளுக்காக ஒரு பகல்நேரக் காப்பகம் திறந்தார். கோடை தொடங்கி அறுவடை முடியும்வரை பிள்ளைகளுக்கு அங்கே உணவும் துவைத்த உடையும் கிடைத்தன. ஜெர்மன் கல்வியாளர் ஃபுரோபெலின் கிண்டர்கார்டன் (மழலையர் பள்ளி) உருவாக இன்னும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இருந்தன. அவருடைய பணிகளில் முதலில் நினைக்கத்தக்கது இதுவே.

1809 ஜனவரி 1 முதல் பண்ணையடிமை முறை அவரது ஆணையால் ஒழிந்தது.

1807இல் நெப்போலியன் அமைத்த ஜெர்மன் அரசுகளின் ரைன் கூட்டமைப்பில் சேர்ந்து லிப்பேயின் தன்னாட்சியைக் காத்தார். அதற்கு விலையாக, நெப்போலியனின் போர்களுக்கு அனுப்பப்பட்ட லிப்பேயின் இளைஞர்கள் ஸ்பெயினிலும் ருஷ்யாவிலும் மடிந்தார்கள். அதையும் அவர் ஆட்சிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

1819இல் அவர் கொண்டுவந்த அரசியல் சட்டம் பிரபுக்களின் எதிர்ப்பால் செயலுக்கு வரவில்லை. மறு ஆண்டு ஜூலையில் ஆட்சியை மகனிடம் ஒப்படைத்தார். டிசம்பர் 29 அன்று காலமானார்.